சின்னக் கல்லுக்கு வளைந்த சுவர்

— நூல் நேராத்தான் போவுதுங்க ஐயா. கல்லுதான் குறுக்க நிக்குது.

— கல்லு ரொம்ப நாளா நிக்குது, சர்தார் பாய். உங்க நூல்தான் இன்னிக்குக் காலையில வந்தது.

— எனக்குத் தெரியாதுங்களா? கமிட்டி தலைவர் என்ன சொன்னாரு? கல்லறைத் தோட்டத்துச் சுவரு ரோட்டு முனையில இருந்து வேப்பமரம் வரைக்கும் ஒரே நேரா வரணும்னாரு. நான் கொத்தனாருங்க. நூல் சொல்றதைத்தான் கேக்கணும்.

— செத்தவங்க படுத்திருக்கிற இடம். நூலை மட்டும் கேட்டா எப்படி?

— அதுவும் சரிதாங்க. இத்துனூண்டு கல்லு, முழங்கால் உசரங்கூட வராது. கைக்குழந்தையாத்தான் இருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தாண்ட பெரிய கல்லறை இருக்குது பாருங்க, அதுல இருக்கிறவரு இங்க கோயில் கட்டின பாதிரி துரை. அவரு காலடியிலயே இது இருக்குதுன்னா அவரு புள்ளையா இருக்கும். அந்தக் காலத்துல காய்ச்சல் வந்தா வெள்ளைக்காரப் புள்ளைக்கு மட்டும் என்ன, தனி மருந்தா இருந்துச்சு?

— எழுத்து ஒண்ணையும் காணோமே.

— இருக்கும். எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி அடிப்பிடிச்ச சட்டி மாதிரி ஆயிப்போச்சு. நான் சேலத்துப் பக்கமிருந்து இந்த ஊருக்கு உபதேசியாரா மாத்தலாகி வந்ததுல இருந்து சொல்றேன், கல்லுக்கு விளக்கு வைக்காதீங்கம்மான்னு. "சரிங்க உபதேசியாரே"ம்பாங்க. வெள்ளிக்கிழமை வந்து பார்த்தா விளக்கு எரியும். யாரைக் கேட்டாலும் "நான் இல்லீங்க". விளக்கு தானா நடந்து வந்துச்சாம்.

— தலைவர் முடிவா என்னதான் சொன்னாரு?

— எழுத்தைப் பாருங்க, குழந்தை கல்லறைன்னு இருந்தா சுவரை வளைச்சுக்கலாம், இல்லேன்னா கல்லைப் பேத்து வெளிய போட்டுட்டு நேரா கட்டுங்கன்னாரு. நாளைக்கு அவரே வராரு. கூட மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரியவரும் வராராம். பழைய கல்லறை, பழைய தோட்டமெல்லாம் பாழாப் போவாம பார்த்துக்கிற ஒரு சங்கமாம்.

— அப்ப கழுவித்தான் பார்க்கணும். அரப்பு கொண்டாந்திருக்கேன்.

— அரப்பா? தலைக்கா குளிக்கப் போறோம்?

— கம்பி பிரஷ் போட்டா எழுத்தும் சேந்து போயிருங்க ஐயா. எண்ணெய் வெச்ச தலைக்கு அரப்பு போடறோமில்ல, எண்ணெய் வெச்ச கல்லுக்கும் அதேதான். எங்க அமீனாதான் இடிச்சுக் குடுத்தா. எந்தக் கல்லுக்குன்னு கேட்டா. சொன்னேன். "மெதுவாத் தேயுங்க, பாவம்"னா.

— கல்லுக்குப் பாவம் பாக்குதா உங்க வூட்டம்மா? நல்ல மனசு.

— எங்களுக்கும் இந்தக் கல்லு மேல ஒரு இது உண்டுங்க ஐயா. வெளிய சொல்லிராதீங்க. எங்க ஜமீர் ரெண்டு வயசு தாண்டியும் நடக்கலை. தர்மபுரி பெரியாஸ்பத்திரி, ஓதி ஊதுறது, தாயத்து, ஒண்ணும் விடலை. கடைசியில அமீனா யாருக்கும் தெரியாம இங்க தூக்கிக்கிட்டு வந்து, கல்லைப் புடிச்சுக்கிட்டுச் சுத்த வெச்சிருக்கா.

— யாரு சொன்னது உங்களுக்கு?

— யாரும் சொல்லலை. பக்ரீத்துக்கு மறுநாளு. சோத்துல உக்காந்து, சட்டியில இருந்த நல்லி எங்கடின்னேன். பூனை தூக்கிட்டுப் போச்சுன்னா. எங்க வூட்ல பூனையே கிடையாதுங்க! எங்கியோ போயிட்டு வந்த பதட்டத்துல என்னமோ உளர்றான்னு மட்டும் புரிஞ்சுது. அப்புறம் புள்ளை காலைப் பார்த்தா இந்தச் செம்மண்ணு.

— நடந்தானா?

— நடந்தானாவா? இன்னிக்கு மொரப்பூர் ஸ்டேஷன்ல ஓடுற ரயில்ல ஏறுறான் நாய்ப் பய. அல்லா அறிய, நான் திட்டாத நாள் இல்லை.

— அவனை நடக்க வெச்சது கர்த்தர். கல்லு இல்லை.

— நானும் அல்லான்னுதாங்க சொல்றேன். ஆனா அல்லா அன்னிக்கு இந்தப் பக்கமா வந்திருக்காரு பாருங்க.

— ஏனுங்க உபதேசியாரே! அந்தக் கல்லு மேல கை வெக்காதீங்க!

— யாரது, தீர்த்தம்மாவா? வாங்கம்மா, மெதுவா. இடுப்புல புள்ளை, கையில குடம், எதுக்கு இந்த ஓட்டம்?

— ஓடாம என்ன பண்றது? கடப்பாறையோட பாய் வந்திருக்காருன்னு பக்கத்து வூட்டுக் குள்ளம்மா வந்து சொல்லுச்சு. அடுப்புல இருந்த களியை அப்படியே உருட்டி எடுத்துக்கிட்டு வரேன். கல்லைத் தூக்கப் போறீங்களாமே?

— இன்னும் முடிவாகலைம்மா.

— பாய்! நீங்களுமா?

— அக்கா, நான் கூலிக்காரன். என்னை ஏன் முறைக்கறீங்க?

— எம் பேத்திங்க இது. செல்வி. எங்க மருமவ பாஞ்சாலி புள்ளை. அவ சத்துணவுக்குச் சமைக்கப் போயிட்டா நாந்தான் பார்த்துக்கறேன். இவ வயசுப் புள்ளைங்க கோழியைத் துரத்துதுங்க. இது வெச்ச இடத்துல வெச்ச மாதிரி உக்காந்திருக்குது. பாப்பாரப்பட்டி டாக்டரு எலும்பு நல்லாத்தான் இருக்குது, பயம்னாரு. நடக்கற வரைக்கும் வெள்ளிக்கு வெள்ளி இங்க கொண்டாரணும். போன வாரந்தான் கல்லைப் புடிச்சு எந்திரிச்சு நின்னுது. இப்பப் போய்க் கல்லைத் தூக்கினா இது எதைப் புடிச்சு நிக்குங்க?

— வூட்ல தூண் இல்லீங்களாம்மா?

— எங்க வூட்டுத் தூணைப் புடிச்சா நடந்துரும்னா நான் ஏன் இங்க வரேன்? நல்லாப் பேசறீங்க போங்க. இந்தத் தோட்டத்துல நாகலிங்கம், பன்னீர் மரம், துரை வெச்ச மரமெல்லாம் பச்சையா நிக்குதே, எந்தக் கிணத்துத் தண்ணிங்க அது?

— உங்க கிணத்துத் தண்ணிதாம்மா.

— போன வருஷம் மழையே இல்லை. எங்க சாமந்தியைக் காயவிட்டுட்டு இங்க ஊத்தினேன். கமிட்டிக்காரரு ஒரு சொம்பு ஊத்தினாரா? அவரு வந்து கல்லைத் தூக்கச் சொல்லுவாராம்.

— கோவப்படாதீங்கம்மா. உங்க தண்ணியை நான் மறக்கலை. கல்லுல என்ன எழுதியிருக்குதுன்னு பார்த்துட்டா ஒரு வழி கிடைக்கும். குழந்தை கல்லறைன்னு இருந்துட்டா யாரும் அசைக்க மாட்டாங்க.

— எழுத்தைப் பார்க்க வேணாங்க.

— ஏன்?

— வேணான்னா வேணாங்க. எண்ணெய் வெச்சது அப்படியே இருக்கட்டும். குழந்தைன்னு நீங்களாச் சொல்லிருங்க.

— படிக்காம எப்படிம்மா சொல்றது? பொய் ஆயிராதா?

— எழுத்துன்னாலே எனக்குப் பயந்தாங்க. கோர்ட்டு நோட்டீஸு, ஜப்தி நோட்டீஸு, எந்த எழுத்து எங்க வூட்டுக்கு நல்லது கொண்டாந்துச்சு?

— இந்த எழுத்து நல்லது செய்யும். கர்த்தர் பார்த்துக்குவாரு. அந்தக் குடத்துத் தண்ணியைக் குடுத்துட்டுப் போங்க.

— இது பன்னீர் மரத்துக்குக் கொண்டாந்ததுங்க.

— மரம் கொஞ்சம் பொறுத்துக்கும்.

— ம்... மாட்டைப் புடிச்சுக் கட்டிட்டு வரேன். பாய், நான் வர்றதுக்குள்ள கல்லு ஒரு விரக்கடை அசைஞ்சிருந்துச்சு, இண்டூர்ல உங்களுக்கு யாரும் கொத்து வேலை குடுக்க மாட்டாங்க. ஆமாம், சொல்லிட்டேன்.

— அம்மாடி. போவுது பாருங்க ஐயா, போலீஸ் ஜீப்பு மாதிரி.

— பாவம். பயந்து போயிருக்காங்க. தேயுங்க பாய், வெளிச்சம் இருக்கறப்பவே பார்த்துருவோம்.

— மஞ்சள் கரையுது. என்னா வாசனை! கல்யாண வூடு மாதிரி.

— தண்ணி கொஞ்சமா ஊத்துங்க. ம், வருது. ஒரு எழுத்து. ஆர்.

— அப்புறம்?

— ரா... ராபின். பேரு ராபின்.

— துரைப் புள்ளைக்கு ஏத்த பேருங்க. சின்னதா, அழகா. கீழ?

— கீழ... "உண்மையும் அன்பும் உள்ள". இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் தேயுங்க.

— உண்மையும் அன்பும் உள்ள மகனா? என்னாங்க ஐயா? ஏன் கண்ணாடியைக் கழட்டறீங்க?

— நீங்க அந்த இடத்தை மறுபடியும் ஒருக்கா கழுவுங்க.

— கழுவிட்டேங்க. பளிச்சுன்னு இருக்குது. எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, சொல்லுங்க.

— "உண்மையும் அன்பும் உள்ள நாய்."

— எது?

— நாய்.

— சரியாப் படிங்க ஐயா! வெள்ளைக்காரன் வேற அர்த்தத்துல எழுதியிருப்பான்!

— டி, ஓ, ஜி. ஒண்ணாங் கிளாஸ் பாடம் பாய். இதுல வேற அர்த்தத்துக்கு நான் எங்க போவேன்?

— யா அல்லா. எம் புள்ளை... எங்க ஜமீர்... ஒரு நாயோட...

— உக்காருங்க. தண்ணி குடிங்க.

— நாய் சமாச்சாரம்னா எங்கள்ல கையை ஏழு தரம் கழுவணும்பாங்களே ஐயா.

— இவ்வளவு நேரமா அரப்புப் போட்டுக் கழுவிக்கிட்டுத்தானே இருக்கீங்க.

— சிரிக்கறீங்களா?

— நீங்களும் சிரிப்பை அடக்கறீங்க, மீசை ஆடுது.

— என்ன பண்றதுங்க? ஓடுற ரயில்ல ஏறுறான்னேன் பாருங்க, இப்பத்தான் எனக்கு வெளங்குது.

— சிரிச்சாச்சு. இப்ப என்ன பண்றது பாய்? குழந்தை இல்லேன்னா கல்லைப் பேத்துப் போடுன்னுதான் தலைவர் வார்த்தை. அந்தம்மா முகத்தை எப்படிப் பார்க்கறது?

— தாகத்துல கிடந்த நாய்க்குத் தண்ணி மொண்டு குடுத்தவனை அல்லா மன்னிச்சான்னு எங்க பள்ளிவாசல் ஹஸரத் சொல்லுவாரு. அப்ப நாய் மேல அல்லாவுக்கு ஒரு கண்ணு இருக்குதுன்னுதானே அர்த்தம்?

— நல்ல வார்த்தை. ஞாயித்துக்கிழமை எங்க ஜனத்துக்கும் சொல்றேன். ஆனா தலைவருக்கு இது போதாதே.

— ஐயா, ஒண்ணு காட்டட்டுங்களா? இப்படி வாங்க. காலையில தோண்டறப்பவே பார்த்தேன். நூலுக்கு ஒத்து வரலைன்னு மண்ணை மூடிட்டேன். பழைய சுவரோட அஸ்திவாரம். சுண்ணாம்பு தெரியுதுங்களா?

— தெரியுது.

— அதைப் புடிச்சுக்கிட்டே வாங்க. ரோட்டு முனையில இருந்து நேரா வருது, நேரா வருது... இங்க வந்ததும்?

— வளையுது.

— மாசமா இருக்கறவ வயிறு மாதிரி வெளிய தள்ளி, இந்தக் கல்லைச் சுத்திக்கிட்டு, மறுபடியும் உள்ள போய் நேராவுது. முந்தி கட்டினவன் கை தப்பிப் போச்சுன்னு நினைச்சேன். கை தப்பலைங்க. வேணும்னே வளைச்சிருக்கான்.

— பாதிரி துரை வளைக்கச் சொல்லியிருக்காரு. தன் நாய்க்காக, கல்லறைத் தோட்டத்துச் சுவரையே... ஸ்தோத்திரம். அதை நேராக்க நாம நூல் கட்டினோம்.

— அப்ப?

— அப்ப எனக்கு வழி கிடைச்சுது. நாளைக்கு ரெண்டு பேருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிருவேன். நாய்தாங்க, ஆனா துரை உள்ள வெச்ச நாய், சுவரு அவரு போட்ட சுவரு, இருந்தது இருந்தபடிதான் கட்டுவோம்னு. பழசைக் காப்பாத்தணும்னு மெட்ராஸ்ல இருந்து வரவருக்கு இது புரியாம போவாது.

— தலைவரு கோவிச்சுக்கிட்டா?

— கோவிச்சுக்கட்டும். துரையைவிட நாம பெரிய பக்திமான் ஆயிட்டோமான்னு கேப்பேன்.

— நூலை அவுத்துக் கட்டிரட்டுங்களா?

— கட்டுங்க. ஆனா பாய், தீர்த்தம்மாகிட்ட மட்டும் நாய்னு சொல்ல வேணாம்.

— ஐயையோ, நான் ஏன் சொல்றேன்? அக்கா மட்டுமா? இந்தச் சுத்துப்பட்டுல புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்த பொம்பளைங்க எத்தனை பேரு! எங்க அமீனா கேட்டா அன்னம் தண்ணி இறங்காது அவளுக்கு.

— அதான். சாமி மாதிரி நினைச்சு வந்தவங்க. அந்த நினைப்பை உடைச்சு நமக்கு என்ன ஆவப் போவுது? பொய் சொல்ல மாட்டேன். ஆனா மனசு நோவுற வார்த்தையைத் தேடிப் போய்ச் சொல்லவும் மாட்டேன்.

— அந்த மூணு எழுத்து மேல மட்டும் கொஞ்சம் மஞ்சளை அப்பிரட்டுங்களா?

— அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது பாய்.

— ஆமால்ல. பதட்டத்துல புத்தியே போச்சு. வராங்க, வராங்க. மூஞ்சியைச் சாதாரணமா வெச்சுக்குங்க.

— உங்களதைப் பாருங்க முதல்ல.

— ஏனுங்க, கழுவிட்டீங்களா? அடி ஆத்தா, வெள்ளையா இருக்குதே. என்ன எழுதியிருக்குதுங்க?

— அதாவதும்மா... உண்மையா, ரொம்ப அன்பா இருந்த ஒரு ஜீவன் இங்க படுத்திருக்குதுன்னு எழுதியிருக்குது.

— ஜீவனா?

— ஜீவன்தான். பேரு ராபின்.

— பாய், நீங்க ஏன் அந்தாண்ட திரும்பிக்கிட்டு இருமறீங்க?

— சுண்ணாம்புத் தூசி அக்கா. தொண்டையில பூந்துருச்சு.

— சுண்ணாம்பு மூட்டையை இன்னும் அவுக்கவே இல்லை, தூசி வந்துருச்சாக்கும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க உபதேசியாரே. கல்லு இருக்குமா, போவுமா?

— இருக்கும்மா. பாருங்க, பாய் நூலை வளைச்சுக் கட்டிட்டாரு. சுவரு கல்லைச் சுத்திக்கிட்டுத்தான் போவும். பழைய சுவரும் அப்படித்தான் போயிருக்குது.

— நிசமாவா? நாளைக்கு வர்றவரு மாத்திட்டாரு, கீத்திட்டாருன்னா?

— நான் பேசிக்கறேன். முடியலேன்னா இந்தக் கல்லு மேலயே உக்காந்துக்கறேன். என்னையும் சேத்துத் தூக்கட்டும்.

— நீங்க நல்லா இருக்கணுங்க. உங்க புள்ளைகுட்டி நல்லா இருக்கணும்.

— கண்ணைத் தொடைங்கம்மா. புள்ளை பார்க்குது.

— நான் எங்க அழுவறேன்? செல்வி, வாடி தங்கம். இறங்கு. ஈரமா இருந்தாலும் வழுக்காது, புடி. புடிச்சுக்க... பாருங்க, பாருங்க!

— அக்கா, நிக்குது!

— ரெண்டு கையாலயும் புடிச்சு நிக்கறா. உசரம் சரியா அவ கைக்குன்னே வெச்ச மாதிரி இல்லீங்களா? அப்படியே நில்லு கண்ணு. ஆயா கல்லு முன்னால களியை வெச்சுடறேன்.

— இருங்கம்மா. வெறுந்தரையில ஏன் வைக்கறீங்க? மண்ணு ஒட்டும். இந்தாங்க, என் டிபன் மூடி. கழுவினதுதான். இதுல வெச்சுருங்க. என்னம்மா அப்படிப் பார்க்கறீங்க?

— வந்த நாளா விளக்கு வெக்காத, எண்ணெய் ஊத்தாதன்னு என்னைத் திட்டினவரு. இன்னிக்குத் தட்டு குடுக்கறீங்க.

— ஒரு மரியாதைக்குத்தான்.

— உபதேசியாரே, நீங்க முழுசாப் படிச்சுட்டீங்க. எம் மனசு நோவக் கூடாதுன்னு மென்னு முழுங்கறீங்க. பாவம், பாயி இருமி இருமிச் சாவறாரு. தட்டை எடுத்து வெச்சுக்குங்க. நாய்க்குத் தரையில வெச்சாத்தாங்க வாய் வெக்கும்.

— அம்மா! உங்களுக்கு...

— எங்க மாமியாளுக்கு அவங்க மாமியா சொன்னதுங்க. எங்க பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். பாதிரி துரைக்கு ஒரு பொண்ணு. காலு வெளங்காத மாதிரி ரொம்ப நாளு கிடந்துச்சாம். துரை கோயில் கட்டப் போயிருவாரு, துரைசானி ஒத்தையில உக்காந்து அழுவுமாம். இந்த நாய் தெனமும் அந்தப் புள்ளை பக்கத்துல போய் ஒரு நாழி அசையாம நிக்குமாம். முதுகைப் புடிச்சு எந்திரிச்சுது. கழுத்தைப் புடிச்சு ஒரு எட்டு வெச்சுது. அது நின்னா நாய் நிக்கும், அது நடந்தா நாய் நடக்கும். அப்புறம் ஓடிச்சாம், கப்பலேறிச் சீமைக்கே போச்சாம். அந்த நாய் முதுகு உசரத்துக்குத்தாங்க துரை இந்தக் கல்லை வெச்சாரு.

— ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம். அம்மா, இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

— சொல்லிட்டு? கல்லறைத் தோட்டத்துல நாயான்னு மறுநாளே பேத்துப் போட்டிருக்க மாட்டீங்களா? அதான் எண்ணெய் மேல எண்ணெய் வெச்சு எழுத்தை மூடினோம். சாமிக்கு வெச்ச எண்ணெய் இல்லீங்க அது.

— அடடா! நான் கும்புடறீங்கன்னுல்ல நினைச்சு...

— நீங்க திட்டத் திட்ட நாங்க இன்னும் கொஞ்சம் ஊத்தினோம். இன்னிக்கு நீங்க எனக்காக மறைக்கறதைப் பார்த்தேன். இனிமே இவருகிட்ட மறைக்க வேண்டியதில்லைன்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

— அக்கா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். இதெல்லாம் எங்க அமீனாவுக்குத் தெரியாம பார்த்துக்குங்க. நாய்னு தெரிஞ்சா அவ மனசு ஒடிஞ்சுரும்.

— யாரு, அமீனாவா? நல்லா இருக்குது போங்க பாய். நாங்கெல்லாம் வருஷக்கணக்கா களியைத்தான் உருட்டி வெச்சுக்கிட்டிருக்கோம். நாய்னா நாய்க்குப் புடிச்சதைல்ல குடுக்கணும்னு, பக்ரீத்துக்கு மறுநாளு முந்தானையில ஒளிச்சு நல்லி எலும்பு கொண்டாந்து வெச்சது உங்க அமீனா ஒருத்திதான்!